20,000 வெள்ளி, ஐந்து வழிகள்: ஆயுதக் குழுவை விட்டு வரும் பிள்ளைகளுக்கு எதில் உதவுவது?

எங்கள் வட்டத்தில் ஒன்பது குடும்பங்கள். ஈசூன், செங்காங், ஜூரோங் என்று தீவெங்கும் சிதறி இருந்தாலும், மாதம் ஒருமுறை யாராவது ஒருவருடைய புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடுவோம். வடை, தேநீர், கொஞ்சம் அரட்டை, அப்புறம் கணக்கு. கணக்கு வைத்திருப்பது நான். ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு வந்த பணம் நாலு வருடத்தில் 20,000 வெள்ளியைத் தொட்டது. சண்டைக்குள் இழுக்கப்பட்டுத் திரும்பி வரும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். எப்படிக் கொடுப்பது என்று வந்தபோது ஒன்பது வீட்டுக்குப் பதினொரு கருத்து.

"தங்க இடம் கொடுத்தால்தானே மற்றதெல்லாம்" என்றார் ஒரு அக்கா. "ஒரு தொழிலைக் கற்றுக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான்" என்றார் அண்ணன் ஒருவர். பள்ளிக்கூடம்தான் என்றார்கள் இரண்டு ஆசிரியைகள், எதிர்பார்த்தபடியே. இதைப் பற்றி நான் முன்பு இரண்டு வரி எழுதியதைப் பார்த்துவிட்டு, இதே குழப்பத்தில் இருப்பதாகச் சிலர் எழுதிக் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. இரண்டு மாதம் படித்ததையும், முன்பு ஒருமுறை சூடு பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

## யார் இந்தப் பிள்ளைகள்?

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தாலே வன்னி நினைவுக்கு வந்துவிடும். 2009 மே மாதம் போர் முடிந்தபின் புலிகள் இயக்கத்தில் இருந்த ஏறத்தாழ 12,000 பேர் இலங்கை அரசின் புனர்வாழ்வு நிலையங்கள் வழியாகப் போனார்கள். அதில் 594 பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது. ஆனால் கொங்கோவிலும் மியன்மாரிலும் கொலம்பியாவிலும் ஹைட்டியிலும் இன்றைக்கும் பிள்ளைகள் சேர்க்கப்படுகிறார்கள். கேள்வி பழையதாகிவிடவில்லை.

இன்னொன்று. துப்பாக்கி தூக்கியவர் மட்டும்தான் சிறார் போராளி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2007-ல் பல நாடுகள் கூடி ஏற்றுக்கொண்ட பாரிஸ் கொள்கைகள், சமைத்தவர், சுமை தூக்கியவர், செய்தி கொண்டுபோனவர், உளவு பார்த்தவர், பாலியல் கொடுமைக்காக வைத்துக்கொள்ளப்பட்டவர் எல்லோரையும் இந்தக் கணக்கில் சேர்க்கின்றன. இது வெறும் வரையறைச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் போர் முடிந்தபோது ஆயுதத்தை ஒப்படைப்பதுதான் உதவிக்கு நுழைவாசலாக இருந்தது. பதிவான ஏறத்தாழ 6,800 பிள்ளைகளில் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மற்றப் பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள்? ஒப்படைக்கத் துப்பாக்கி இல்லாததால் வரிசையில் நிற்காமலேயே போய்விட்டார்கள்.

எப்படிச் சேர்ந்தார்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். வட உகாண்டாவில் கடவுளின் எதிர்ப்புப் படை என்ற கிளர்ச்சிக் குழு பிள்ளைகளை இரவில் வீடு புகுந்து கடத்தியது. தெற்குப் பிலிப்பீன்ஸின் மிண்டனாவோவில் அப்பா, மாமா, அண்ணன் எல்லோருமே இயக்கத்தில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இயக்கத்துப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். 2017-ல் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியின் பட்டியலிலிருந்து 1,869 பிள்ளைகள் விடுவிக்கப்பட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே சொந்த வீட்டில்தான் இருந்தார்கள். முதல் கூட்டத்துப் பிள்ளைக்குச் சரிப்படுவது இரண்டாம் கூட்டத்துக்குப் பொருந்தாது.

## எதை வைத்து எடை போடுவது?

நாங்கள் முதலில் செய்த தவறு, வழிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுதான். அளவுகோலைப் பேசியிருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து எழுதியவை இவை:

- வீடும் ஊரும் அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்ள இது உதவுமா?
- கையில் நாலு காசு எப்போது வரும்?
- ஒரு பெண்பிள்ளை, அதுவும் இடுப்பில் குழந்தையோடு திரும்பியவள், இதில் சேர முடியுமா?
- "இவன் அங்கே இருந்தவன்" என்ற முத்திரையை இது அழிக்குமா, ஆழமாகக் குத்துமா?
- நம் பணம் நின்ற பிறகு அந்தப் பிள்ளை பக்கத்தில் யார் இருப்பார்கள்?

கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுகிறேன். இதற்குக் காரணம் தையல் இயந்திரங்கள். அதைத் தொழிற்பயிற்சிப் பகுதியில் சொல்கிறேன்.

| வழி | வீடும் ஊரும் ஏற்குமா | வருமானம் | பெண்பிள்ளை வர முடியுமா | முத்திரை | பணம் நின்றபின் |
|---|---|---|---|---|---|
| தங்கும் நிலையம் | நாள் கூடக் கூட விலகல் | இல்லை | முடியும், தனி ஏற்பாடு இருந்தால் | ஆழமாகக் குத்தும் | யாரும் இல்லை |
| பள்ளிக்கூடம் | பெரிதும் உதவும் | பல வருடம் கழித்து | குழந்தையைப் பார்க்க ஆள் இருந்தால் | முழு வகுப்புக்கும் கொடுத்தால் குறையும் | ஆசிரியர், வகுப்பு |
| தொழிற்பயிற்சி | ஓரளவு | 6 முதல் 18 மாதத்தில் | தொழிலைப் பொறுத்தது | இடத்தைப் பொறுத்தது | பட்டறைக்காரர் இருந்தால் அவர் |
| ரொக்கம் | பொறாமையைக் கிளப்பலாம் | உடனே | எளிது | பகிரங்கமாகக் கொடுத்தால் குத்தும் | யாரும் இல்லை |
| ஆற்றுப்படுத்தல் | குடும்பத்தையும் சேர்த்தால் உதவும் | இல்லை | முடியும் | குறைவு | உள்ளூர் ஆள் என்றால் அவர் |

அட்டவணை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு "ஆனால்" ஒளிந்திருக்கிறது.

## வழி 1: தங்கும் நிலையம்

கேட்டவுடன் மனதுக்கு இதமாக இருப்பது இதுதான். கட்டில், மூன்று வேளை சாப்பாடு, மருத்துவர், சுற்றுச் சுவர். சியரா லியோனில் இடைத்தங்கல் நிலையங்கள் இருந்தன. உகாண்டாவின் குலு நகரில், கடத்தப்பட்டுத் தப்பி வந்தவர்களுக்கான வரவேற்பு நிலையங்கள் இருந்தன. இலங்கையில் அம்பேபுஸ்ஸ, வவுனியா பூந்தோட்டம், பிறகு கொழும்பு இரத்மலானை இந்துக் கல்லூரி என்று பிள்ளைகளை வைத்திருந்தார்கள். ஏறத்தாழ ஒரு வருடத்தில் 594 பேரும் வீடு திரும்பிவிட்டார்கள். இரத்மலானையில் படித்த பலர் அங்கிருந்தே பொதுத் தேர்வும் எழுதினார்கள்.

மறைந்திருக்கும் செலவு சம்பளம்தான். கட்டடம் ஒருமுறைச் செலவு. சமையற்காரர், காவலாளி, தாதி, இரவில் பிள்ளைகளோடு தங்கும் ஆள் ஆகியோர் மாதா மாதம். 20,000 வெள்ளி எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்காவிடம் சொல்லவே சங்கடமாக இருந்தது. அதைவிடப் பெரிய செலவு ஒன்று கணக்கில் வராது. நிலையத்தில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. மின்விசிறிக்கு அடியில் பழகிவிட்டவன் ஓலைக் குடிசைக்குப் போய் உட்காரும்போது, தம்பி தங்கைகளுக்கு அவன் விருந்தாளி.

நம் ஊர் அம்மாக்களுக்கு இது கொஞ்சம் புரியும். இரண்டு வருடத் தேசிய சேவை முடித்து வரும் பையனுக்கே வீடு பழகச் சில வாரம் ஆகிறது. அவனோ வாரக் கடைசியில் துணி துவைக்க வீட்டுக்கு வந்து போனவன், தெருவில் எல்லோரும் மதிக்கும் ஒன்றைச் செய்துவிட்டு வந்தவன். இவர்கள் எதைச் செய்துவிட்டு வந்தார்கள் என்று ஊர் நாலு விதமாகப் பேசும். பாரிஸ் கொள்கைகளும் இத்தகைய நிலையங்களில் தங்கும் காலம் எவ்வளவு குறுக முடியுமோ அவ்வளவு குறுக வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா? வேண்டும், சில இடங்களில். ஊருக்குப் போனால் அதே குழு மறுபடி பிடித்துக்கொண்டு போகும் என்றால், குடும்பம் எங்கே என்றே தெரியவில்லை என்றால், உடலில் குண்டுச் சிதறலோடு வந்திருந்தால், முதல் சில வாரத்துக்கு வேறு வழி இல்லை. அதற்கு அப்புறமும் வீடு இல்லை என்றால், கொலம்பியாவில் செய்வது போல ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விடலாம். அங்கே குடும்பநல நிறுவனம் 1999 முதல் குழுக்களை விட்டு வரும் சிறார்களைப் பார்த்துக்கொள்கிறது. இல்லத்தோடு வளர்ப்புக் குடும்பமும் ஒரு வழியாக இருக்கிறது. ஒரு அம்மா அடுப்படியில் நின்று "சாப்பிட்டியா" என்று கேட்பதை எந்த நிலையமும் அட்டவணை போட்டு நடத்த முடியாது.

இன்னொரு விஷயம்: பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகளை இத்தகைய இல்லங்களுக்கு "சேவைப் பயணம்" அழைத்துப் போகும் யோசனை எங்கள் வட்டத்திலும் வந்தது. தயவுசெய்து வேண்டாம். பத்து நாள் பழகிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, விமானம் ஏறிவிடுவோம். விட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் அவர்கள்.

## வழி 2: பள்ளிக்கூடம்

எங்கள் ஆசிரியைகள் இருவரும் இந்தப் பகுதியைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சியரா லியோனில் 2002 முதல் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் நீண்ட ஆய்வு ஒன்று உண்டு. தெரசா பெட்டன்கோர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் நடத்துவது. போரில் நடந்த கொடுமை எவ்வளவு என்பதோடு, திரும்பி வந்தபின் ஊர் எப்படி நடத்தியது, பள்ளியில் தொடர்ந்தார்களா என்பவையும் பிள்ளையின் பிற்கால மனநிலையைத் தீர்மானிப்பதாக அதில் தெரிந்தது. நடந்ததை நம்மால் மாற்ற முடியாது. பின்னதில் கொஞ்சம் கை வைக்க முடியும்.

வட உகாண்டாவில் கடத்தப்பட்ட இளைஞர்களை ஆராய்ந்தபோது, சராசரியாக முக்கால் வருடப் படிப்பு போயிருந்தது, சம்பாத்தியம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முக்கால் வருடம்தானே என்று தோன்றும். ஏற்கனவே சில வருடம்தான் படிக்க முடிந்த ஊரில் அது எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையிலான தூரம்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு சியரா லியோனில் நடந்தது. முன்னாள் சிறார் போராளியைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு, அந்த ஒரு பிள்ளைக்கு என்று தனியாகக் கொடுக்காமல், எல்லா மாணவர்களும் பயன்படுத்தக்கூடிய பாடப் பொருள்களை யுனிசெஃப் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை "எங்கள் வீட்டைக் கொளுத்தியவன்" என்று பார்க்கப்பட்டவன் வந்ததால் வகுப்புக்கே புத்தகமும் விளையாட்டுச் சாமானும் வந்தது. அவனுக்கு மட்டும் புதுப் பை, புதுக் காலணி கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கிழிந்த சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் போரில் அப்பாவைப் பறிகொடுத்தவன்தான். "துப்பாக்கி தூக்கினால்தான் பை கிடைக்கும் போல" என்று அவன் வீட்டில் பேசுவார்கள். பேசினார்கள் என்றே பல நாட்டு அனுபவம் சொல்கிறது.

இதிலும் செலவு மறைந்திருக்கிறது. பதினாறு வயதில் மூன்றாம் வகுப்பில் உட்கார யாருக்கும் கூசும். அதற்காக விரைவுக் கல்வி வேண்டும். சியரா லியோனில் ஆறு வருடத் தொடக்கக் கல்வியை மூன்று வருடத்தில் முடிக்கும் திட்டம் இருந்தது. அதற்கு ஆசிரியரைத் தனியாகத் தயார் செய்ய வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை வயலுக்குப் போகாது. அந்தக் கூலி வீட்டுக்கு நட்டம். குழந்தையோடு வந்தவளுக்குப் பள்ளி வளாகத்திலேயே குழந்தையைப் பார்க்க ஒரு பாட்டி வேண்டும். இவை எதுவும் "ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு" என்று விளம்பரத்தில் வரும் தொகையில் இருக்காது. கேட்டுப் பாருங்கள்.

பதினைந்து வயதுக்குள், வீடு ஏற்றுக்கொள்ளும் பிள்ளை என்றால் நான் இரண்டாவது யோசனை இல்லாமல் இதைத்தான் சொல்வேன்.

## வழி 3: தொழிற்பயிற்சி

இப்போது தையல் இயந்திரங்களின் கதை. சில வருடத்துக்கு முன் இலங்கையின் வடக்கில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் பன்னிரண்டு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். பெயர் வேண்டாம். திறப்பு விழாப் படங்கள் வந்தன, நெஞ்சு நிறைந்தது. பதினாலு மாதம் கழித்து எங்களில் ஒருவர் உறவினர் திருமணத்துக்குப் போன இடத்தில் எட்டிப் பார்த்தார். எட்டு இயந்திரம் துணி போர்த்தி ஓரமாக இருந்தது. பயிற்சி முடித்த பெண்களில் இரண்டு பேர் மட்டும் தைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டதற்கு ஒரு தங்கச்சி சொன்னாராம்: "அண்ணை, இந்த ஊரில தைக்கிற ஆக்கள் கூட, தைக்கக் குடுக்கிற ஆக்கள்தான் இல்லை." பயிற்சியில் குறை இல்லை. சந்தையைப் பார்க்காமல் கொடுத்தது எங்கள் குறை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. போர் முடிந்த நாடுகளில் ஒரே வருடத்தில் நூற்றுக்கணக்கான தச்சர்களையும் தையற்காரர்களையும் உருவாக்கிவிட்டு, அத்தனை பேருக்கும் வேலை தர ஊரில் ஆளில்லாமல், கருவிப் பெட்டியை விற்றுச் சாப்பிட்ட கதைகள் நிறைய.

சரியாகச் செய்த இடமும் உண்டு. லைபீரியாவில் முன்னாள் போராளிகளுக்கு விவசாயப் பயிற்சியும், பிறகு விதை, கருவி போன்ற தொடக்க முதலும் கொடுத்த திட்டத்தை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் சட்டவிரோதச் சுரங்க வேலை போன்றவற்றில் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டார்கள். முற்றாக விடவில்லை, குறைத்தார்கள். அதே சமயத்தில் பக்கத்து ஐவரி கோஸ்டில் சண்டை மூண்டு, கூலிக்கு ஆள் சேர்க்க வந்தார்கள். யார் போகவில்லை தெரியுமா? இன்னும் ஒரு தவணைக் கைமுதல் வரும் என்று காத்திருந்தவர்கள். கற்ற தொழிலைவிட, நாளைக்கு ஒன்று வரும் என்ற நம்பிக்கை அவர்களை ஊரில் இருத்தியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: மொத்தத்தையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். தவணை வையுங்கள், சொன்ன நாளில் கொடுங்கள்.

வகுப்பறைப் பயிற்சியைவிட ஒரு கராஜிலோ கொத்தனாரிடமோ வேலைக்கு விடுவது நல்லது என்பது என் கட்சி. அந்த மனிதர் அதே ஊரில் இருப்பார். திட்டம் முடிந்த மறுநாளும் கடையைத் திறப்பார். பையனுக்குத் திருமணம் பேசினால் அவர்தான் "நல்ல பையன்" என்று சாட்சி சொல்வார். இதற்கு ஆகும் செலவு, கற்றுக்கொள்ளும் காலத்துக்கான சிறு உதவித்தொகையும், பட்டறைக்காரருக்கு ஒரு கருவியும். சுரண்டல் நடக்காமல் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க ஒருவர் வேண்டும். அவருடைய பெட்ரோல் செலவைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

பதினாறு, பதினேழு வயதுக்கு மேல், வீட்டில் இவன் சம்பாதித்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையில் பள்ளியைவிட இதுதான் பொருந்தும்.

## வழி 4: ரொக்கம்

"கையில கொடுத்துடுவோம், அவங்களுக்குத் தெரியாதா என்ன தேவைன்னு?" என்றார் வட்டத்தின் இளைய உறுப்பினர். பெரியவர்களைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அனுபவம் வேறு.

லைபீரியாவில் 2003-04-ல் ஆயுதம் ஒப்படைத்தவர்களுக்கு 300 அமெரிக்க டாலர் இரண்டு தவணையில் கொடுக்கப்பட்டது, பிள்ளைகளுக்கும் சேர்த்து. விளைவு? தளபதிகள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பணத்தில் பங்கு பிடுங்கினார்கள். பிள்ளையைத் தளபதியிடமிருந்து பிரிக்க வந்த பணம் அவனோடு சேர்த்துக் கட்டிப் போட்டது. பாரிஸ் கொள்கைகள் விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்கு நேரடியாக ரொக்கம் தருவது பொருத்தமில்லை என்று சொல்வதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

நேபாளத்தில் கதை மறுபக்கம். 2010-ல் மாவோயிஸ்டு முகாம்களிலிருந்து 4,008 பேரை வெளியே அனுப்பினார்கள். அவர்களில் 2,973 பேர் சேர்ந்தபோது வயது நிரம்பாதவர்கள். படிப்பு, தொழிற்பயிற்சி, சிறுதொழில், சுகாதாரப் பயிற்சி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள், ரொக்கம் இல்லை. பிறகு முகாமில் மிஞ்சிய பெரியவர்கள் ஓய்வு பெற்றபோது ஆளுக்கு 5 லட்சம் முதல் 8 லட்சம் நேபாள ரூபாய் கிடைத்தது. இவர்கள் கொதித்துப் போனார்கள். அதைவிட நோகடித்தது ஒரு சொல். அவர்களைத் தகுதியற்றவர்கள் என்ற பொருளில் "அயோக்ய" என்று வகைப்படுத்தியிருந்தார்கள். நேபாளியில் அது அலுவலகச் சொல். ஆனாலும் அந்த முத்திரையோடு ஊருக்குப் போகக் கூசியதாகப் பலர் சொன்னார்கள். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

பெரியவர்களுக்கு ரொக்கம் பலன் தருமா? லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் குற்றச் செயல்களில் ஈடுபட்ட 999 இளைஞர்களிடம் ஒரு சோதனை நடந்தது. அவர்களில் முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். சிலருக்கு 200 டாலர், சிலருக்கு எட்டு வாரம் சிந்தனைப் போக்கை மாற்றும் ஆலோசனை, சிலருக்கு இரண்டும். பணம் மட்டும் வாங்கியவர்கள் குடித்து அழிக்கவில்லை, சிறு வியாபாரத்தில் போட்டார்கள். ஆனால் அந்த முன்னேற்றம் வருடத்துக்குள் கரைந்துவிட்டது. இரண்டும் பெற்றவர்களிடம் திருட்டு முதலானவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது.

அதனால் பதினெட்டுக்குக் கீழே என்றால் ரொக்கத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். குழந்தையோடு திரும்பிய இளம் தாய் விதிவிலக்கு. அவளுக்குச் சிறு கைமுதலும் சில நாள் வியாபாரப் பயிற்சியும் கொடுக்கலாம். வட உகாண்டாவில் 150 டாலர் அளவுக்கு இப்படிக் கொடுத்த திட்டத்தில், ஊரே கூடிப் பரம ஏழைகளைத் தேர்ந்தெடுத்தது. கடத்தப்பட்டு வந்தவர்களும் அதில் வந்தார்கள், ஆனால் அந்தப் பெயரில் வரவில்லை.

## வழி 5: ஆற்றுப்படுத்தல்

உளவள ஆலோசனையை ஈழத்தில் ஆற்றுப்படுத்தல் என்பார்கள். அழகான சொல்.

திரும்பி வரும் எல்லாப் பிள்ளைகளும் மனம் சிதைந்தவர்கள் என்று நினைப்பது தவறு. பெரும்பாலோர் வீடு, வேலை, நண்பர்கள் கிடைத்தால் தேறிவிடுகிறார்கள். ஒரு சிறு பங்கினருக்கு மட்டும் ஆழமான உதவி வேண்டும். வட உகாண்டாவில் முன்னாள் சிறார் போராளிகள் 85 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே எட்டு அமர்வில், வாழ்க்கைக் கதையை முதலிலிருந்து சொல்ல வைத்து நல்ல பலன் கண்டார்கள். பட்டம் பெற்ற மனநல மருத்துவர் தேவைப்படவில்லை. ஆனால் அந்த உள்ளூர் ஆளை மேற்பார்வையிட அனுபவசாலி ஒருவர் வேண்டும். புண்ணைத் திறந்துவிட்டுப் பாதியில் போவதைவிடத் திறக்காமல் இருப்பதே மேல். இதுதான் இதில் மறைந்திருக்கும் செலவு.

இன்னொரு வகை ஆற்றுதலும் உண்டு. வட உகாண்டாவின் அச்சோலி மக்கள் திரும்பி வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தி, ஒரு முட்டையை மிதித்துவிட்டு உள்ளே வரச் சொல்வார்கள். வெளியே ஒட்டியது வெளியேயே போகட்டும் என்ற எண்ணம். ஆரத்தி சுற்றி வாசலில் கொட்டுகிற நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். இதற்கு ஆகும் செலவு ஒரு முட்டை.

தனியாக இந்த வழிக்கு மட்டும் பணம் போடாதீர்கள். பள்ளியோடோ பட்டறையோடோ சேர்த்துப் போடுங்கள்.

## சிங்கப்பூரிலிருந்து அனுப்புவதற்கு முன்

நாமே போட்ட பணத்தைக் கொடுப்பது வேறு. வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்டுவது வேறு. இரண்டாவதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும்; பொதுவாகத் திரட்டியதில் 80 விழுக்காட்டை உள்ளூரிலேயே செலவிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தட்டிவிட்டு, அது எங்கெல்லாமோ சுற்றி, அப்புறம் விழிப்பதைவிட முன்பே விசாரித்துவிடுங்கள். 250 விழுக்காட்டு வரிக் கழிவு உள்ளூர்க் காரியங்களுக்குத்தான். வெளியே போகும் பணத்துக்குக் கிடையாது. பணம் சுற்றி வளைத்து ஆயுதக் குழுவின் கைக்குப் போனால் அது பயங்கரவாத நிதித் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். ஆகவே இடையில் யார் யார் கை மாறுகிறது என்று கேட்பதில் வெட்கப்படாதீர்கள்.

படம் கேட்காதீர்கள், பெயர் கேட்காதீர்கள். ஒரு பிள்ளையின் முகமும் "முன்னாள் போராளி" என்ற வாசகமும் இணையத்தில் ஒன்றாக ஏறிவிட்டால் இறங்காது.

வெளிநாடே வேண்டாம், வரிக் கழிவும் வேண்டும் என்பவர்களுக்கு இங்கேயே வேலை இருக்கிறது. ரகசியக் கும்பல்களில் சிக்கி, சிறை போய் வரும் நம் பையன்கள் இருக்கிறார்கள். 2004-ல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் கையாள்வதும் ஏறத்தாழ இதே சிக்கலைத்தான்: கதவு திறக்குமா, வேலை கிடைக்குமா, பழைய கூட்டாளி மறுபடி தட்டுவானா.

## நாங்கள் என்ன செய்தோம்?

மூன்று கூட்டம் பேசி முடிவெடுத்தோம். மிண்டனாவோவில் ஒரு பள்ளி. சிங்கப்பூரிலிருந்து அங்குள்ள தாவோ நகருக்கு விமானத்தில் நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம், யாராவது போய்ப் பார்க்க முடியும் என்பதும் ஒரு காரணம். 11,000 வெள்ளி முழு வகுப்புகளுக்கும் மேசை, புத்தகம், மாலை நேரப் பாடம். 5,000 வெள்ளி வயது கூடியவர்களைப் பட்டறைகளில் சேர்க்க, மூன்று தவணையாக. மீதி 4,000 வெள்ளியை வங்கியிலேயே வைத்திருக்கிறேன், மூன்றாவது வருடத்துக்கு. அந்த 4,000-க்காகத்தான் அதிகச் சண்டை. சும்மா கிடக்கும் பணம் என்றார்கள். எட்டு தையல் இயந்திரத்தை நினைவுபடுத்தினேன்.

முதல் கணக்கு போன மாதம் வந்தது. மேசை 40, நாற்காலி 40, இரண்டு ஆசிரியர்களின் மாலை நேரப் படி, ஒரு வெல்டிங் முகமூடி. அந்த நாற்பது நாற்காலியில் இயக்கத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று அதில் இல்லை, கேட்கக் கூடாது என்று நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம். தொழிற்பயிற்சி கேட்ட அண்ணன் கணக்கை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு ஏழெட்டுப் பேராவது இருக்குமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.